மூடி வைத்த மாத்திரை

“வலி மாத்திரய நான்தான் ஒளிச்சி வச்சேன்க்கா.”

பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். புற்றுநோய் முற்றிய அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள் என்பது, கூனிமேடு வருவதற்குள் பாதி பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

“வேளா வேளைக்குக் குடுக்கணும்னுதானே டாக்டரு சொன்னாரு? ஏன்டா குடுக்கல?”

“இப்பவே குடுத்துப் பழக்கிட்டா, கடைசில பெரிய வலி வர்றப்ப கேக்காதுன்னு நெனச்சேன்.”

“யாருடா உனக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நம்ம அப்பா உப்பளத்துல உப்ப அப்படித்தானே வைக்கும்? அம்பாரமாக் குவிச்சி, மேல தென்னங்கீத்து போட்டு மூடி, மழைக்காலத்துக்குன்னு.”

“அது உப்புடா! வலி கூடுனா மாத்திரயும் கூட்டிக் குடுக்கலாம்னு டாக்டரு சொன்னாரே, காதுல விழுந்துச்சா?”

“இன்னிக்குத்தானேக்கா சொன்னாரு.”

அதுவரை கத்திக்கொண்டிருந்தவள் குரலைத் தாழ்த்தினாள். கத்தியபோதுகூட எனக்கு இவ்வளவு பயமாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் தொடங்கியிருந்தது.

“ராத்திரியெல்லாம் துணிய வாயில கடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சே. மாத்திர எங்கடான்னு அப்பா உன்னக் கேக்கவே இல்லியா?”

“கேட்டுச்சி. பெரிய வலிக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்ப்பான்னு சொன்னேன்.”

“அதுக்கு என்னா சொல்லிச்சி?”



“‘சரிடா, நல்லா மூடி வையி’ன்னு சொல்லிச்சி.”