பின்வாசல் வழியாக வந்தவருக்கு

எங்கள் பெருமதிப்புக்குரிய மேடம் அவர்களே! குப்பைத் தொட்டிக்குள் குனிந்து பார்த்தே ஊருக்குள் நிமிர்ந்து நடந்தவரே! கழிவைக் குறைத்த கடைகளைக் கண்டெடுத்துக் கௌரவித்த கண்காணிப்பாளரே!

உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எங்கள் நினைவின் மேல் எங்களுக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது. இந்தப் பிரிவுக்கு நீங்கள் வந்த முதல் நாள் மழை என்கிறார் ஓட்டுநர். இல்லை, நீங்கள் பிடித்து வந்தது வெயிலுக்கான குடை என்கிறார் தட்டச்சர். இத்தனை காலம் பழகியும் இவ்வளவு குறைவாகவா தெரிந்து வைத்திருக்கிறோம் என்று வெட்கமாகிவிட்டது. பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆண்டுதோறும் கழிவைக் குறைத்ததற்காக நம் பிரிவு தரும் பச்சைப் பலகைக்குரிய கடைகளைத் தேர்ந்தெடுக்கப் போகையில், நீங்கள் ஒரு கடைக்குள்ளும் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. "முன்னாடி இருக்கறது அவங்க சொல்றது. பின்னாடி இருக்கறதுதான் அவங்க செய்யறது" என்பீர்கள். கடைத்தெரு உங்களுக்குப் 'பின்வாசல் மேடம்' என்று பெயர் வைத்தது. நீங்கள் வரும் மாதம் முன்பக்கம் ஒட்டடை தொங்கும், பின்சந்து பளபளக்கும். உணவகக்காரர் பின்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டு, "சாப்பிட வர்றவங்களையும் இனிமே இப்படியே வரச் சொல்லிடலாமா மேடம்?" என்று கேட்டார். அன்று நீங்கள் சிரித்ததாக ஓட்டுநர் சொல்கிறார். நாங்கள் பார்க்கவில்லை.

தையற்கடையின் துணித் துண்டுகள் மெத்தைக்குள் போனதும், அச்சகத்தின் ஒருபக்கத் தாள்கள் பள்ளிக்குப் போனதும், உணவகத்தில் பாத்திரம் கொண்டுவந்து வாங்குவோர் பெருகியதும் உங்கள் கண்டிப்பின் பயன்கள். அந்தக் கண்டிப்புக்கு விலை இருந்தது. பலகை தருகிற கை எதையும் வாங்கக் கூடாது என்று ஒரு கடையிலும் தேநீர்கூட நீங்கள் குடித்ததில்லை. தெரு முழுவதும் தெரிந்தவர்கள், உட்கார ஒரு கடை இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கைப் பின்சந்தில் நின்றபடி திறந்து குடித்துவிட்டு, அடுத்த கதவைத் தட்டுவீர்கள்.

ரொட்டிக்கடையைப் பற்றி எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தோம். ஊரறிந்ததுதானே, எழுதுகிறோம். பதவியேற்ற ஆண்டே, உங்களுக்கு முன்னிருந்தவர் கொடுத்துச் சென்ற பலகையை உங்கள் தம்பி கடைச் சுவரிலிருந்து நீங்களே கழற்றினீர்கள். தம்பியின் மறுசுழற்சித் தொட்டியில் மேலே சுத்தமான அட்டை, அடியில் பிளாஸ்டிக் உறையோடு பூஞ்சை பிடித்த ரொட்டி. வாடிக்கையாளர்கள் நடுவில் அவர் சொன்னார்: "அக்கான்னு கூப்பிட்ட வாய் இது. இனிமே மேடம்னே கூப்பிடறேன்."

சொன்னபடியே செய்தார். அக்கா என்று உங்களை அழைக்க வேறொருவர் இந்த ஊரில் இல்லை. அதற்குப்பின் உறவினர் கடை என்று அந்த ஒரு கடைக்கு மட்டும் எங்களை அனுப்பிவிட்டு, நீங்கள் தெருமுனையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பீர்கள். திரும்பி வந்தால் தொட்டியைப் பற்றி மட்டும் கேட்பீர்கள்.

இந்த ஆண்டும் போனோம். பின்வாசல் வழியாகத்தான். உறைகள் தனியே, அட்டை தனியே. மீந்த ரொட்டி மாட்டுக்கொட்டகைக்குப் போகக் கூடையில் காத்திருந்தது. தொட்டியைக் கவிழ்த்தும் பார்த்தோம், அடியிலும் சுத்தம். பலகைக்குத் தகுதி என்றோம். "மேடம் வரலையா?" என்றார், எப்போதும் கேட்கிற குத்தலோடு. மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறீர்கள் என்றோம். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார், மாவு போன பிறகும்.

"பலகை கிடக்கட்டும். அக்காவை வரச் சொல்லுங்க. பின்வாசல் வழியாவே வரட்டும். வீட்டுக்கும் அதுதானே வாசல்."

அன்றே சொல்லியிருந்தால், இன்னும் பதவியில் இருக்கிறேன் என்று மறுத்திருப்பீர்கள். அதனால்தான் நீங்கள் ஓய்வு பெறும் இன்று மாலை வரை அடக்கி வைத்திருந்தோம். இனி உங்கள் கை வாங்கலாம், மேடம். யார் கொடுத்தாலும் குடிக்கலாம்.

இந்த மடலுக்குச் சட்டமானது மரக்கடையில் கழித்துப் போட்ட சன்னல் கட்டை. புதிது வாங்கினால் நீங்கள் திருப்பித் தந்துவிடுவீர்கள். நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள். தேநீர் ஆறுமுன் பேச்சுத் துணை கிடைக்கட்டும்.

உணவகமும் அச்சகமும் தையற்கடையும் இந்த ஆண்டும் பலகை பெற்றன. எங்கள் பிரிவு நாளை முதல் சுகாதாரப் பிரிவோடு சேர்கிறது. உங்கள் நாற்காலி அங்கே போகிறது. ரொட்டிக்கடைப் பலகை இன்னும் எங்கள் மேசையில் இருக்கிறது. உங்கள் தம்பி இன்றைய வழியனுப்பு விழாவுக்கு வரவில்லை. கடையில் இருக்கிறார், பின்கதவைச் சாத்தவில்லை.

என்றும் அன்புடன்,
கழிவுக் குறைப்புப் பிரிவு ஊழியர்கள்