வலைக்கட்டை

பெற்றோல் பங்கீட்டில் கிடைத்த யுத்த காலம். மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் போன கருவாட்டு லொறி வழியில் நின்றுவிட்டது. மூட்டைமேல் இருந்த என் காதில் விழுந்தது இது.

சைக்கிளில் வந்த மெக்கானிக் தாங்கிக்குள் ஈர்க்கு விட்டுப் பார்த்தார்.

“அண்ணை, பெற்றோல் அரைவாசிக்குக் கிடக்கு.”

“பெற்றோல் காட்டுற முள்ளு அடியிலையெல்லே நிக்குது?” என்றார் சாரதி.

“முள்ளை விடுங்கோ. பம்பு தேய்ஞ்சுபோச்சு, இழுக்கேல்லை. வேறை ஒண்டு கொண்டு வந்தனான்.”

பம்பை மாற்றிய கையோடு, முள்ளை அசைக்கும் கம்பியையும் தாங்கியிலிருந்து கழற்றினார். அதன் நுனியில் ஒரு மரக்கட்டை.

“சாமான் இல்லாமல் போன மாதம் நான் போட்ட வலைக்கட்டை. கடலிலை மிதக்கிறது இதிலையும் மிதக்குமெண்டு நினைச்சன். வலைக்காரர் கட்டையை நெடுகக் காயவிடுறவை. இது பெற்றோலுக்கை ஊறிப் பாரமாகி அடியிலை தாண்டுபோச்சு.”

“அப்ப ஆரும் களவெடுக்கேல்லையோ?”

“ஆர் களவெடுத்தது?”

“என்ரை மச்சான், மனிசியின்ரை தம்பி. இரவிலை லொறிக்குள்ளை காவல் படுத்தவன். முள்ளு விழுந்ததைப் பாத்து, அவன்தான் பெற்றோலை வித்துப்போட்டானெண்டு அடிச்சுக் கலைச்சுப்போட்டன். மனிசி இன்னும் என்னோடை கதைக்கிறேல்லை.”

மெக்கானிக் கட்டையைக் கம்பியிலிருந்து கழற்றினார்.

“வேறை கட்டை செதுக்கட்டோ அண்ணை?”

“வேண்டாம். உந்தக் கட்டையை இப்பிடியே தா. காஞ்சு திரும்ப மிதக்க முதல் அவனுக்குக் காட்டவேணும்.”

“அவர் உடுப்பிட்டியிலை எல்லே? அவ்வளவு தூரம் போகப் பெற்றோல் காணுமோ?”

“அரைவாசி கிடக்கெண்டு நீதானே சொன்னனி.”

லொறி உடுப்பிட்டிப் பக்கம் திரும்பியது.