எங்க ஊட்ல ஏதுப்பா கெணறு?

…அத்த வுடு செல்வகுமாரு, மொதல்ல அந்த மை டப்பாவ அந்தாண்ட வெய்யி. பெட்ஷீட்டுல பட்டுதுன்னா நர்சம்மா என்னத்தான் திட்டும். நேத்தே கஞ்சிய கொட்டிட்டு வாங்கிக் கட்டிக்கினேன். கஞ்சியா அது! எங்க ஊட்டுக்காரரு புகழேந்தி வெச்சது. உப்பே கெடையாது. இன்னாய்யா இதுன்னா, "ஆஸ்பத்திரில இருக்கறவளுக்கு உப்பு ஆவாது"ன்றாரு. ஏன்யா, எனக்கு போனது வெரலா, நாக்கா?

உக்காருப்பா. ஜல்தி ஜல்தின்னு எங்க பறக்கற? சைட்டுலதான் நீ சூப்பர்வைசரு. இங்க நாந்தான்.

இன்னா கேட்ட? வலிக்குதான்னா? வலிக்காம! அத்தவுட, இல்லாத வெரலு ரெண்டும் அரிக்குதுப்பா, அதான் பெரிய பேஜாரு. சொறியலாம்னு போனா வெறுங்கட்டுதான் இருக்குது. சுண்டு வெரலு, மோதர வெரலு. மோதரம் எப்பவோ சேட்டு கடைக்கு போச்சி, இப்ப வெரலும் பின்னாடியே போய்டுச்சின்னு நானே சிரிச்சிக்கினேன். நீயும் சிரிப்பா, ஒண்ணும் ஆவாது.

செரி, பேப்பர குடு. நானே படிக்கிறேன். இன்னாத்துக்கு முழிக்கிற? எட்டாவது வரிக்கும் கன்னியாஸ்திரிங்ககிட்ட அடி வாங்கி படிச்சவ நானு. கையெழுத்தே போடுவேன், ஒனக்கு எதுக்கு கைநாட்டு? "ஜெசிந்தா ஆகிய நான்…" ம்… "எனது வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும்போது உருளையில் கை சிக்கி…" அடப்பாவி! எங்க ஊட்ல ஏதுப்பா கெணறு? எங்க ஊரு பனமலைக்கு வந்து பாரு. கொடம் வெக்கக்கூட எடம் கெடையாது. தெருக்கொழா தண்ணிக்கு சண்ட போட்டுக்கினு எனக்கும் நாத்தனாருக்கும் ரெண்டு வருசமா பேச்சில்ல. ஒங்க கான்ட்ராக்டரு ஒரு கெணறு தோண்டிக் குடுத்துட்டாவது இத எழுதியிருக்கலாம்!

எது? வேலையில அடிபட்டுதுன்னா கேசாயிடுமா? ஆவட்டுமே. அன்னிக்கி ஆட்டோலயே சொன்ன, "ஊட்ல அடிபட்டுதுன்னு சொல்லுக்கா"ன்னு. நான் இருந்த வலில பொய்யெல்லாம் எங்க வருது? திண்டிவனத்துல தளம் போட்டுக்கினு இருந்தோம்மா, மிக்சர் மெஷின் பெல்ட்டுல கை மாட்டிக்கிச்சின்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்களும் எழுதிக்கினாங்க.

அந்த பெல்ட்டுக்கு மூடி எங்கப்பா? நீயே சொல்லு. ஆயுத பூஜைக்கு கழட்டுன. சந்தனம் வெச்ச, குங்குமம் வெச்ச, எலுமிச்சம்பழம் நசுக்குன. சர்ச்சுக்குப் போற வேதக்காரி நானே ஒரு கும்புடு போட்டுட்டு பொரி வாங்கித் துன்னேன். அப்பறம் மூடிய மாட்டுங்கன்னா, "வேணாம், பொட்டு அழிஞ்சிடும்"ன்னு நீதான சொன்ன? பொட்டு நல்லாத்தான் இருக்குது, என் வெரலுதான் இல்ல. "பெல்ட்டாண்ட ஜல்லி மாட்டிக்கிச்சி, தட்டி வுடுக்கா"ன்னு கத்துனதும் நீதான்!

அட, மூஞ்சிய தூக்கிக்காத. ஒம்மேல கோவமில்ல. கான்ட்ராக்டரு எழுதிக் குடுக்கறாரு, நீ தூக்கிக்கினு வர்ற. ஒண்ணு மட்டும் கேட்டுக்க தம்பி, நாளைக்கு ஒனக்கு அடிபட்டாலும் இதே மாரி ஒரு கெணறுதான் எழுதுவாரு.

நான் அழுவலப்பா. நேத்துதான் கொஞ்சம் அழுதேன். கலவ சட்டி தூக்க ரெண்டு கையும் வேணுமே, இனிமே எவன் வேலைக்கு கூப்புடுவான்னு பயமா இருந்துது. அப்பதான் கட்டடத் தொழிலாளர் சங்கத்துலேருந்து கலையரசி வந்துச்சி. "வேலையில கை போனா வேல குடுத்தவந்தான் நஷ்டஈடு தரணும்க்கா. அது ஒன் உரிம, பிச்சயில்ல"ன்னுச்சி. லேபர் ஆபீசுல மனு குடுக்கலாமாம். "அங்க நீ வேல செஞ்சதுக்கு இன்னா சாட்சி?"ன்னு கேட்டுது.

சாட்சியத்தான் நீயே குடுத்துட்டியே! அன்னிக்கி காலைல பாட்டெல்லாம் வெச்சி "தளம் ஆரம்பம்"னு ஸ்டேட்டஸ் போட்டல்ல? அதுல மெஷினாண்ட பல்லக் காட்டிக்கினு நிக்கிறது யாரு? பெல்ட்டும் தெரியுது, பொட்டும் தெரியுது, மூடி மட்டுந்தான் தெரியல. எம்பொண்ணு இசைவாணி அத்த அப்பவே அவ போன்ல எடுத்து வெச்சிக்கினா, "அம்மா அழகா இருக்குது"ன்னு… இன்னாப்பா, இப்ப போன நோண்டிக்கினு? நீ எப்பவோ அழிச்சிட்டியாமே!

எங்க எழுந்துக்கற? போன் வருதா? மணியே அடிக்கலியே… செரி செரி, பேசிட்டு வா. யப்பா, அந்தாண்ட ஆப்பரேசன் ரூமு! படிக்கட்டு இந்தாண்ட!

போய்ட்டான். நல்ல புள்ளதான், பாவம், வேல அப்பிடி.

யம்மா, பக்கத்து பெட்டு சின்னபொண்ணு, ஒங்கம்மா தூங்கிட்டாங்களா? அவங்கள அப்பறமா பாத்துக்கலாம், செத்த இப்பிடி என் பெட்டாண்ட வா. இங்க வந்ததுலேருந்து தல வாரல. ஒத்தக் கையால சட பின்ன வரல எனக்கு. காலைலேருந்து நானும் பாக்கறேன், வரவே மாட்டேங்குதுடி.

நல்லா இறுக்கிப் பின்னு. நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பறாங்களாம். நான் நேரா லேபர் ஆபீசுதான்.