ஒற்றை வால்வில் இல்லாத சுரம்

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. வீட்டில் யாராவது நாற்காலியைத் தரதரவென்று இழுத்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன். அப்படிப்பட்டவன் எப்படி இத்தனை வருஷம் வாத்தியக் குழுவில் பேஸ் டிராம்போன் என்கிற அடிக்குரல் பித்தளைக் குழலை வாசித்தான் என்று நீங்கள் கேட்கலாம். அது சத்தமே இல்லை. தரைக்குள் ஓடும் ஒரு நடுக்கம். கேட்பவரின் செருப்புக்குள் விரல்கள் கூசும். எதனால் என்று புரியாமல் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார். குழுவே சேர்ந்து வாசிக்கும்போது என்னை யாரும் கேட்பதில்லை. நான் நிறுத்தினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தச் சுகத்தைக் கண்டவன் வேறு சுகம் தேடமாட்டான்.

என்னுடையது ஒற்றை வால்வுக் கருவி. இடது கட்டைவிரலுக்கு ஒரே ஓர் அழுத்து. மற்றதெல்லாம் வலது கை ஸ்லைடை, அதாவது முன்னால் நகரும் குழாயை, நீட்டுவதிலும் இழுப்பதிலும்தான். இப்போது இரண்டு வால்வு வைத்து விற்கிறார்கள். அது தூங்கிப்போன குழந்தை மாதிரி தோளில் கனக்கும். என்னுடையது கோழி இறகு. ஒருமுறை திறந்த ஜன்னல் பக்கம் நின்று வாசித்தபோது, அடித்த காற்றில் அது என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தது. நம்பாவிட்டால் போகட்டும், அதை எழுதவேண்டாம்.

அதில் ஒரு சுரம் மட்டும் கிடையாது. கீழ் ‘பி’ என்கிற அடிச்சுரம். இரட்டை வால்வில் அது உண்டு. அதற்கு ஸ்லைடின் நீளம் கொஞ்சம் போதாது. மீறி நீட்டினால் ஸ்லைடு கழன்று கையோடு வந்துவிடும். கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு, நான் செய்ததில்லை.

அந்தச் சுரம் வரும் இடத்தில் என் மச்சான் வாசிப்பார். என் மனைவியின் அண்ணன், பக்கத்து நாற்காலியில் டியூபா என்கிற பெரிய ஊதுகுழல் வாசிப்பவர். பானை வயிறு, பஞ்சு மனசு. நான் கன்னத்தை உப்பிக்கொண்டு சும்மா இருப்பேன்; அவர் அதை என் குரலிலேயே ஊதிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் தடுமாற, அவர் கைகொடுத்தார், அதுவே வழக்கமாகிவிட்டது. இசை நடத்துனர்கள் எத்தனையோ பேர், “உங்க கீழ் பி மாதிரி நான் எங்கயும் கேட்டதில்ல” என்று என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். மச்சான் தலையைக் குனிந்து டியூபாவிலிருந்து எச்சிலை வடித்துக்கொண்டிருப்பார்.

திடீரென்று அவருக்கு என்ன தோன்றியதோ, புதிதாக வந்த நடத்துனரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கோள்மூட்டவில்லை. எனக்கு நல்லது செய்தாராம். குழுவின் செலவில் எனக்கு இரட்டை வால்வு வாங்கவும் ஏற்பாடு செய்துவிட்டார்.

“எனக்கும் மூச்சு வாங்குது மாப்ள. எத்தன நாளைக்கு உனக்கும் சேத்து ஊதுறது? நான் நின்னுட்டா நீ மாட்டிக்குவல்ல?”

“அதுக்கு ஊரக் கூட்டிச் சொல்லணுமா மச்சான்?”

“ஒருத்தர்கிட்டதான்யா சொன்னேன். அவரு சிரிச்சிட்டாரு.”

சிரித்தது உண்மை. அடுத்த ஒத்திகையிலிருந்து, அந்த இடம் வரும்போதெல்லாம் கிளாரினெட்காரர்கள் என்னைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக் காட்டினார்கள். ‘ஊமைக்குழல்’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். வீட்டில் சொன்னேன்.

“அண்ணன் உங்க நல்லதுக்குத்தான சொல்லியிருக்கு? புதுசு ஓசியில வருது, கசக்குதா?” என்றாள் மனைவி.

கசக்கவில்லை. நிதானமாக யோசித்துப் பார்த்தேன். புதுக் கருவி வந்தால் பழையது பரணுக்குப் போகும். மச்சான் இருக்கும்வரை அந்தக் கதையும் இருக்கும். எல்லாரும் என்னைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். யார் காதிலும் தனியாக விழாமல் இருப்பதுதானே என் சுகம்.

கச்சேரிக்காக எங்கள் இருவரையும் மேடைக்கு மேலே இருந்த மாடத்தில் உட்காரவைத்தார் நடத்துனர். அடிச்சுரம் வானத்திலிருந்து இறங்கவேண்டுமாம். அங்கே கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குச் சற்று மேலே முடிந்துவிடும். ஏறிப்போன அன்றே கவனித்தேன்.

ஒத்திகையில் கீழே எல்லாரும் முழு மூச்சில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நீண்ட ஓய்வு.

“மச்சான், அந்தச் சுரம் இதுலயே இருக்கு. நேத்துதான் கண்டுபிடிச்சேன்.”

“போய்யா, காதுல பூ சுத்தாத.”

“முன்னாடி வந்து நில்லுங்க. குழல் வாய்ப் புனலுக்கு நேரா காது குடுங்க. இன்னும் கொஞ்சம் பின்னால. அங்கதான் நல்லாக் கேக்கும்.”

டியூபாவை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். முகத்தில் எனக்காக அப்படியொரு சந்தோஷம்.

கட்டைவிரலை அழுத்தி ஊதிக்கொண்டே ஸ்லைடை நீட்டினேன். முடியும் இடம் வந்தது, நான் முடிக்கவில்லை. கழல்வதற்கு முன் ஒரு நொடி அந்தச் சுரம் கேட்டது. ஆகவே நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. பிறகு கையில் மிச்சமிருந்த நீளத்தையும் கொடுத்தேன். ஓங்கிக் குத்தவில்லை. சாத்தியிருக்கும் கதவைத் தள்ளுவோமே, அவ்வளவுதான். தவறிக் கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு மச்சான், “பாத்து மாப்ள” என்று இரண்டு கையாலும் ஸ்லைடைப் பிடித்தார். சுவரைப் பிடித்திருக்கலாம்.

பெரிய முரசுக்குப் பக்கத்தில் விழுந்தார். தாளத்தோடு ஒத்து விழுந்ததால் வாசிப்பு உடனே நிற்கவில்லை. முரசுக்காரர், தான்தான் ஓர் அடி கூடுதலாக அடித்துவிட்டோம் என்று நடத்துனரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாராம்.

கால் தவறி விழுந்தார் என்று நீங்கள் எழுதினீர்கள், நானும் தலையாட்டினேன். ஆனால் ஸ்லைடை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். விசாரணை முடிந்தால்தான் தருவோம் என்றார் உங்கள் காவலர். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, “உண்மை முழுசாத் தெரிஞ்சா முடிஞ்சிரும் தாத்தா” என்றார். அதனால்தான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு நினைவுக் கச்சேரி. என் ஸ்லைடு இல்லாவிட்டால் அந்த இரட்டை வால்வை என் மடியில் வைத்துவிடுவார்கள்.

தள்ளினேன், ஐயா. வேண்டுமென்றேதான் தள்ளினேன். எழுதிக்கொண்டு, பொருளைக் கொடுத்துவிடுங்கள். நசுங்கியிருக்காது. மச்சான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாக்கத்தான் விழுந்தார். அடி முழுக்க அவர் முதுகுக்குத்தான்.