விசிறி இல்லாத கணினி

என் பெயர் உலகநாதன். தேநீரில் சர்க்கரையைக் கலக்கும்போது கரண்டி டம்ளரின் விளிம்பில் படாதபடி கலக்குவது என் வழக்கம். செருப்பைக் காலால் உதறமாட்டேன். குனிந்து கையால் கழற்றி வைப்பேன். கதவைச் சாத்துமுன் தாழ்ப்பாளை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். பாகூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதையும் பிள்ளைகளின் கூச்சலில் கழித்த ஒருவன் ஓய்வுக்காலத்தில் அமைதியை விரும்புவது பிழையன்று என்று நினைக்கிறேன்.

தமிழ்க்குமரன், நீங்களும் அந்தக் கூச்சலில் ஒருவர்தாம். மாணவராக இருந்தபோது உங்களை ‘நீ’ என்று அழைத்தேன். இப்போது காவல்துறை உதவி ஆய்வாளர். சீருடைக்கு உரிய மரியாதையைத் தரவேண்டும். நேற்று என் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னீர்கள்: “புயல்ல கரண்டு போனதுக்கு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? மனச போட்டுக் கொழப்பிக்காதீங்க.” அதன்படியே, மின்வெட்டினால் ஆக்சிஜன் இயந்திரம் நின்று என் மனைவி அமிர்தம் இறந்தாள் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அது தவறான விடை. தவறான விடைக்குச் சரி போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆதலின் நானே நிலையத்துக்கு வந்தேன்.

கணினியிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல இயலாது.

என் மகன் அரிகரன் பிரான்சில் இருக்கிறான். சில ஆண்டுகளில் வருவான். வராத ஆண்டுகளில் பொருள் அனுப்புவான். அவ்வாறு ஒருமுறை மிக உயர்ந்த ஒலிபெருக்கிகள் இரண்டு வந்து சேர்ந்தன. அவற்றின் தகுதிக்கு ஏற்ற கணினி கடைகளில் இல்லை. எல்லாவற்றிலும் விசிறி சுழல்கிறது. விசிறி சுழன்றால் இரைகிறது. நானே ஒன்றை வடிவமைத்தேன். தேக்கில் பெட்டி. உள்ளே விசிறியும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. வெப்பத்தைச் செப்புக் குழாய்கள் இருபுறத்து அலுமினியத் தகடுகளுக்குக் கொண்டுபோய்விடும். ஒலிப்பகுதிக்குத் தனியான மின்வழங்கி. சுவரை நிறைக்கும் திரை. அதில் இருள் உண்மையாகவே இருளாகத் தெரியும். முதல்நாள் அமிர்தம் அதில் தன் தொடரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “மொகத்துல இருக்கற மருவெல்லாம் தெரியுது. பாவம், அந்தப் பொண்ணு” என்றாள்.

அவள் பேசிக்கொண்டே பார்ப்பவள். நான் பேசாமல் கேட்பவன். இரு ஒலிபெருக்கிகளின் ஒலியும் சரியாகக் கூடும் இடம் ஓர் அறையில் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஒரு நாற்காலி போட்டேன். இரண்டாவது நாற்காலியை எங்கே போட்டாலும் அது பிழையான இடமாகவே இருக்கும். ஆகவே போடவில்லை. அவள் பின்னறையில் பழைய தொலைக்காட்சியைப் பார்க்கத் தொடங்கினாள். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு நாதசுரப் பதிவு உண்டு. தோடி ஆலாபனை. நடுவே ஓரிடத்தில் வாசிப்பவர் நிறுத்துகிறார். அடுத்து வருவது மிக நீண்ட பிடி. அதற்கு முன் அவர் மூச்சிழுத்தே ஆகவேண்டும். அந்த மூச்சு பதிவில் இருக்கவேண்டும். அதைக் கேட்பதே என் குறிக்கோளாயிற்று. இசையை எந்தக் கருவியிலும் கேட்டுவிடலாம். மூச்சு கேட்டால்தான் எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார் என்று பொருள். மாலை வேளைகளில் அப்படி ஒருவர் என் எதிரே அமர்ந்திருக்கவேண்டும் என்று விரும்பினேன். அளவுக்கு மீறிய ஆசை என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

கணினி அமைதியானது. அப்போதுதான் வீட்டின் இரைச்சல் எனக்குத் தெரியவந்தது. ஆய்வுக்கூடத்தில் நான் உங்களுக்குச் சொல்லித்தந்த முறை நினைவிருக்கும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும், மாற்றிவிட்டு அளக்கவேண்டும். அம்முறையையே கைக்கொண்டேன். கூரை விசிறியை நிறுத்தினேன். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன். குளிர்பதனப் பெட்டியைத் தோட்டத்துக் கொட்டகைக்கு அனுப்பினேன். பக்கத்துக் கரும்புக்கொல்லைப் பம்புசெட்டை மாலையில் ஓட்டவேண்டாம் என்று செல்லப்பனிடம் கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், இசைந்தார். தெருவில் ஒரு நாய் முனகிக்கொண்டே இருக்கும். அதற்குத் தயிர்ச்சோறு வைத்தேன். வலி அதிகம் இராது என்று விசாரித்துக்கொண்ட பிறகே வைத்தேன்.

எஞ்சியது ஆக்சிஜன் இயந்திரம்.

அமிர்தத்துக்கு நுரையீரல் சுருங்கும் நோய். இயந்திரத்தை நாள்முழுதும் நிறுத்தக்கூடாது என்று பிள்ளையார்குப்பத்து மருத்துவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். மருத்துவர்மீது எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவ்வியந்திரம் உறுமும். சில நொடிகளுக்கொருமுறை ‘புஸ்’ என்று காற்றை விடும். நாதசுரக்காரர் மூச்சிழுக்கும் இடத்தில் அந்தப் ‘புஸ்’ வந்து விழும்.

முதலில் அதைக் கொல்லைப்புற அறைக்கு மாற்றி, நீண்ட குழாய் போட்டேன். குழாய் நீண்டால் ஓட்டம் குறையும்; எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியும். பின்னர் ஒரு பலகைப்பெட்டி செய்து, உட்புறம் பஞ்சு மெத்தை தைத்து, அதனுள் இயந்திரத்தை வைத்தேன். சூடு ஏறினால் அது தரும் காற்றின் தூய்மை தாழும். அதையும் அறிந்தே இருந்தேன். தூய்மை தாழ்ந்தால் எச்சரிக்கை மணி அடிக்கவேண்டும், அடித்தது. உள்ளே திறந்து மணியின் கம்பியை வெட்டினேன். பள்ளிக்கூட மணியைவிடக் கீச்சென்ற ஒலி அது. ஒருவராலும் தாங்க இயலாது.

அமிர்தத்தைப் பார்த்துக்கொள்ளக் கலியம்மாள் வருவாள். அவள் அந்தப் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“இன்னாத்துக்கு சார் இத கல்யாணப் பொண்ணு மாரி போத்தி வெச்சிக்கிறீங்க? அதுக்கே மூச்சு முட்டுமே.”

“ஒலிக்காக” என்றேன்.

“அக்கா ஒதடு கத்திரிப்பூ கணக்கா ஆயிக்கினு வருது சார். அதப் பாருங்க மொதல்ல.”

பார்த்தேன். அவள் சொன்னது சரியே. கலியம்மாளின் கண்ணாடி வளையல்கள் பாத்திரத்தில் படும் ஓசை முன்னறைவரை வந்துகொண்டிருந்தது. அதை முன்பே கவனித்திருந்தேன். மறுநாள் முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெட்டப்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அமிர்தத்தின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். என்னிடம் சொல்லவில்லை.

அமிர்தம் என்னைக் கடிந்துகொண்டவள் அல்லள். ஒருமுறை மட்டும், நான் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “எவனோ ஊதறவன் மூச்ச கேக்கறதுக்கு வூட்டுல இருக்கறவ மூச்ச பொட்டில போட்டு மூடறீங்களே, வாத்தியாரே.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை இழுத்துப் பிடித்துக்கொண்டே சாத்தினேன்.

இனி இன்வெர்ட்டர். ஆக்சிஜன் இயந்திரத்தையும் என் கருவிகளையும் அது ஒருசேரத் தாங்காது. இன்னொன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இன்வெர்ட்டரும் ரீங்கரிக்கும், இரண்டு இருந்தால் ரீங்காரமும் இரண்டாகும். எனவே ஒரு மாற்றுச்சாவி, அதாவது இருபக்கச் சுவிட்சு, பொருத்தினேன். ஒருபுறம் தள்ளினால் இயந்திரம்; மறுபுறம் தள்ளினால் கணினி. மின்சாரம் இல்லாத நேரத்துக்கு மட்டுமே அது பயன்படும். நானே சுவரில் பதித்தேன். தள்ளும்போது ஓசையே வராது.

கார்த்திகைப் புயல் வந்த நாள். பிற்பகலில் மழை விட்டிருந்தது, காற்றும் தணிந்திருந்தது, மின்சாரம் மட்டும் வரவில்லை. கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். காலைமுதல் சாவி இயந்திரத்தின் பக்கமே இருந்தது. இன்வெர்ட்டரில் இன்னும் போதிய மின்சாரம் இருந்தது. அதனால்தான் மின்வெட்டைக் குற்றம் சொல்லக்கூடாது என்கிறேன்.

நாற்காலியில் அமர்ந்திருந்தேன். எங்கும் ஓசையில்லை. பம்புசெட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை, ஒலிபெருக்கி கட்டிய கோயில் இல்லை. எங்கள் கொம்யூனின் ஊர்கள் எல்லாம் வாய்மூடி இருந்தன. இப்படி ஒரு பிற்பகல் இன்னொருமுறை கிடைக்காது என்று தோன்றிற்று. எழுந்துபோய்ச் சாவியை மறுபுறம் தள்ளினேன்.

கதவுக்குப் பின்னால் நிரப்பிய சிலிண்டர் ஒன்று இருந்தது. அதைத் திறந்துவிட்டு வந்திருக்கலாம். திறந்தால் ‘உஸ்’ என்று இரையும். திறக்கவில்லை.

ஆலாபனையைத் தொடங்கினேன். சற்று நேரத்தில் பின்னறையிலிருந்து தட்டும் ஓசை கேட்டது. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் காலில் தட்டுகிறாள். தண்ணீர் வேண்டுமென்றால் இருமுறை தட்டுவாள், இது அப்படியன்று. விடாமல் தட்டினாள். எனக்குச் செவி நன்றாகவே கேட்கும், தமிழ்க்குமரன். காது மந்தம், அதனால் தெரியவில்லை என்று அரிகரன் உங்களிடம் தொலைபேசியில் சொன்னானாம். பிள்ளைப் பாசம், அதை நீக்கிவிடுங்கள். நான் கேட்டேன். என்னவென்றும் புரிந்தது. அந்த ஓசை பதிவைக் கெடுக்கிறதே என்று எண்ணி, பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

தட்டுவது நின்றது. பதிவை முதலிலிருந்து வைத்தேன்.

அந்த இடம் வந்தது. நாதசுரம் நின்றது. மூச்சு கேட்டது.

மெல்லிய, நீண்ட, உள்ளிழுக்கும் மூச்சு. நடுவில் சற்றே தடுக்கி, பின் தொடர்ந்தது. அறைக்குள் என்னோடு ஒருவர் இருக்கிறார் என்று உடம்பு முழுவதும் உணர்ந்தேன். எனக்குக் கண்ணீர் வந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் அழுதவன் அல்லேன். பதிவு முடியும்வரை அமர்ந்திருந்து, பிறகுதான் எழுந்து பின்னறைக்குப் போனேன். டம்ளர் தரையில் கிடந்தது. எடுத்து அலமாரியில் வைத்தேன். பிறகு சாவியை முன்போல் தள்ளி வைத்தேன். நீங்கள் வந்தபோது அது சரியான பக்கத்தில் இருந்ததற்கு அதுவே காரணம்.

இவ்வளவுதான் நிகழ்ந்தது. என் மனைவியைக் கொன்றவன் நான். மின்சாரமும் அன்று, புயலும் அன்று. கணினியினால் ஏதோ கோளாறு என்றும் தெருவில் பேசுகிறார்கள். அதில் எந்தக் கோளாறும் இல்லை. அதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லவேண்டும். ஈமக்கடன் முடிந்து எல்லோரும் போனபின், அதே பதிவை மீண்டும் வைத்தேன். மின்சாரத்தை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரில், அதே நாற்காலியில், அதே ஒலியளவில். பின்னறை காலியாக இருந்ததால் முன்னைவிட அமைதி மிகுதி. அந்த இடத்தில் நாதசுரம் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வைத்தேன். கேட்கவில்லை. இன்று காலை இங்கு வருமுன்னும் வைத்தேன். வெறும் இடைவெளி. பிறகு நாதசுரம் தானே தொடங்கிவிடுகிறது, யாருமே ஊதாததுபோல.

அன்று இருந்து இன்று இல்லாதது எது என்று முறைப்படி ஆராய்ந்தேன். ஒன்றுதான் மாறியிருக்கிறது: வெப்பநிலை. அன்று புயலால் குளிர்ந்திருந்தது. இப்போது வெயில் அடிக்கிறது. செப்புக் குழாய்கள் சூடேறினால் மிக மெல்லிய ஒலிகள் மங்கக்கூடும். வேறு விளக்கம் இருக்க இயலாது.

எங்கே கையொப்பமிடவேண்டுமோ காட்டுங்கள். கணினியை மட்டும் இருந்த இடத்தைவிட்டு யாரும் அசைக்கவேண்டாம். அடுத்த புயல்வரை காத்திருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.