ரீல் மாற்றும் நேரத்தில் வாசித்தவர்

தலைமை வகிக்கும் ஹெட்மாஸ்டர் தானியேல் அவர்களே, பங்குச் சாமியார் அவர்களே, பெண்கள் பள்ளி உபாத்தியாயினிமார்களே, நாற்காலியில் அமர்ந்திருக்கும் தோல் மண்டி முதலாளிமார்களே, பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தட்டிக்கு அந்தப் பக்கம் மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லாருக்கும் இந்தக் கொட்டகைக்காரன் கன்னியப்பனின் வணக்கம்.

தாய்மார்களைக் கடைசியில் சொன்னேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்மை விட்டுப் பிரிந்த தமிழ் உபாத்தியாயினி சவுரியம்மாள் அவர்கள் இங்கே படம் பார்க்க வந்த நாளெல்லாம் அந்த மணலில்தான் உட்கார்ந்தார். நாற்காலி போடுகிறேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். கேட்டாரா? "நாற்காலியில உக்காந்தா பக்கத்துல என்ன பேசிக்கிறாங்கன்னு காதுல விழாது மொதலாளி" என்பார். ஆகவே என் பெரிய வணக்கம் அந்த மணலுக்குத்தான்.

ஒரு டாக்கி கொட்டகைக்காரன், ஒரு பள்ளிக்கூடத்து அம்மையாருக்கு இரங்கல் சொல்வதா என்று இரண்டொருவர் முணுமுணுத்ததாகக் கேள்வி. முணுமுணுக்கட்டும். இந்தக் கூட்டத்தைப் பள்ளி மண்டபத்தில் வைத்திருந்தால் நாம் எல்லோரும் இலக்கணம் தவறாமல் பேசியிருப்போம். ஆனால் மண்டியில் தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்களில் ஒருத்தியாவது உள்ளே வந்திருப்பாளா? இங்கே வந்திருக்கிறார்கள். வேலை விட்டதும் கைகூடக் கழுவாமல் நேரே வந்திருக்கிறார்கள். கொட்டகை முழுக்கப் பட்டை வாசனை அடிக்கிறது. சவுரியம்மாளுக்கு இதைவிட நல்ல மாலை எந்தக் கடையில் கிடைக்கும்?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கண்ணெல்லாம் அங்கேதான் போகிறது. ஆபரேட்டர் அந்தோணியின் அறை வாசலில் நிற்கும் அந்த மரப்பெட்டிக்குள் இருப்பது நமது இரண்டாவது மெஷின். இதுவரைக்கும் ஒரே மெஷின்தான். ஒரு ரீல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போடுவோம், அந்தோணி அடுத்த ரீலை மாட்டுவான், நீங்கள் சோடா குடிப்பீர்கள். அந்தச் சின்ன இடைவெளியில்தான் சவுரியம்மாள் எழுந்து நின்று, படத்தில் விட்டுப்போனதைப் புத்தகத்திலிருந்து வாசித்தார். இனிமேல் ஒரு மெஷின் ஓய, மற்றது ஓடும். இடைவெளியே கிடையாது. "அப்போ டீச்சரம்மா படிச்சதெல்லாம் அவ்ளோதானா?" என்று நேற்று சுந்தரி என்னை வழிமறித்துக் கேட்டாள். பட்டை இடிக்கும் பெண்களுக்கெல்லாம் முன்னால் நடப்பவள் சுந்தரி, அவளைத் தெரியாதவர்கள் ஆம்பூரில் உண்டா? அவளுக்கு நேற்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லாமல் உட்காரமாட்டேன்.

அவர் முதன்முதலில் வாசித்த 'நன்முல்லை நாடகம்' படித்தவர்களுக்குப் பாடம், மற்றவர்களுக்குப் படம். ரொம்பப் பழைய நாடகம் என்று சவுரியம்மாள் சொல்வார். கதை சின்னது. மழை பொய்த்த வருஷம், ஒரு ராஜா ஏரித் தண்ணீரை அரண்மனைத் தோட்டத்துக்கென்று அடைத்து வைக்கிறான். மடைக் காவலன் மாறன், கீழே பயிர் கருகுவதைப் பார்க்கப் பொறுக்காமல், உத்தரவு இல்லாமலே மடையைத் திறந்துவிடுகிறான். மரண தண்டனை விதிக்கிறார்கள். அவன் மனைவி நன்முல்லை சபைக்கு வந்து ராஜாவோடு வாதாடுகிறாள். புத்தகத்தில் நாலு பக்கம் அவள் பேச்சுத்தான். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாமல் ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, தானே நடந்து போய் மடைப்பலகையைத் தூக்குகிறான்.

அது டாக்கியாகி நம் கொட்டகைக்கு வந்தது. படத்தில் நன்முல்லை சபைக்கு வருகிறாள், கையைத் தூக்குகிறாள், ஒரு பாட்டுப் பாடுகிறாள். பேச்சு? ஒரு வார்த்தை கிடையாது. இடி இடிக்கிறது, புகை கிளம்புகிறது, அம்மன் வருகிறாள், ராஜா மூர்ச்சை போட்டு விழுகிறான், மடை தானே திறந்துகொள்கிறது. சும்மா சொல்லக்கூடாது, முதல் நாள் கொட்டகையே எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டார்கள். கீற்றுக் கூரையாயிற்றே என்று நான் வாளித் தண்ணீரோடு ஓடினேன்.

ஆட்டம் விட்டதும் சவுரியம்மாள் நேரே என்னிடம் வந்தார். அதுவரை எனக்கு அவரைத் தெரியாது. வெள்ளைச் சேலை, கையில் குடை, பள்ளிக்கூடத்துப் பார்வை.

"மொதலாளி, அவ பேசினது எங்க?"

"எவம்மா பேசினா?"

"நன்முல்லை. நாலு பக்கம் பேசுவா. அதை எங்க விட்டுட்டீங்க?"

"நானா விட்டேன்? பொட்டியில வந்ததை ஓட்டுறேன். சாமியே எறங்கி வந்துடுச்சே டீச்சரம்மா, அப்புறம் பேச்சு எதுக்கு?"

"அதான் பேஜாரு. அவ வாயைத் தெறக்குறதுக்கு முன்னாடி வந்துடுச்சு."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆடிக்கு ஆடி அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன். கோயிலுக்குப் போகாத நீங்கள் எங்கள் அம்மனைக் குறை சொல்வதா என்று கேட்டே விட்டேன். அவர் பதறவில்லை. "அம்மனைச் சொல்லல மொதலாளி. ராஜாவைச் சொல்றேன். சாமி வந்தா அவன் விழுந்து கும்புட்டுட்டு எழுந்து போயிடுவான். அவளுக்குப் பதில் சொல்ல வேணாம் பாருங்க. தப்பிச்சிக்கிட்டான்" என்றார். அன்று வீட்டில் சோறு தின்னும்போதுகூட எனக்கு அந்தத் தப்பித்த ராஜாதான் ஞாபகத்தில் இருந்தான்.

மறுநாள் மாலை மறுபடி வந்தார், கையில் புத்தகத்தோடு. தரை டிக்கெட் வாங்கினார். சபைக் காட்சி வருகிற ரீலுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சவுரியம்மாள் எழுந்தார். "தாய்மாரே, இப்போ வரப்போற எடத்துல புஸ்தகத்துல ஒண்ணு இருக்கு. அதையும் கேட்டுட்டுப் படத்தைப் பாருங்க" என்றார். ஆண்கள் பக்கம் ஒரே சீட்டி. தோல் தரம் பிரிக்கும் முக்தார் அகமது, இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அன்று பெஞ்சுமேல் ஏறி நின்றார். "இன்னா டீச்சரம்மா, இங்கயும் இஸ்கூலா? துட்டு குடுத்தது படம் பாக்க" என்றார். நீங்கள் சொன்னீர்களா இல்லையா பாய்? சிரிக்கிறார் பாருங்கள்.

சவுரியம்மாள் அவரையும் பார்க்கவில்லை, ஓடிவந்த என்னையும் பார்க்கவில்லை. வாசித்தார். குரல் பெரிய குரல் அல்ல. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்து வைப்பார். "ஏரி உனது என்றாய். கரையும் உனது என்றாய். மடையும் பலகையும் உனது என்றாய். ஆகட்டும், அரசே. தாகம் யாருடையது?"

அங்கே நிறுத்தி மூச்சு வாங்கினார். அவ்வளவுதான். மணலிலிருந்து சுந்தரி, யாரும் கேட்காமலே, "எங்களுது" என்றாள்.

சவுரியம்மாள் மேலே வாசிப்பதற்குள் அந்தோணி ரீலை ஓட்டிவிட்டான், அவன் கடமை அது. படத்தில் நன்முல்லை கையைத் தூக்கினாள், பாடினாள், இடி இடித்தது, புகை வந்தது, அம்மனும் வந்தாள். அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "தாயே, சித்த நில்லு. ராஜா மொதல்ல பதில் சொல்லட்டும்." பெண்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் ஆண்கள் பக்கமும் கிளம்பிவிட்டது. பெஞ்சுமேல் நின்ற அதே முக்தார் பாய், திரையில் மூர்ச்சையாகிக் கிடந்த ராஜாவைப் பார்த்து, "எழுந்திருடா, அந்தம்மா கேட்டுச்சு இல்ல, பதில் சொல்லு" என்று கத்தினார்!

சண்டை மூண்டுவிட்டது என்று பயந்து அந்தோணி மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டான். எல்லாத் தலையும் திரையை விட்டுத் திரும்பியது. "ராஜா இன்னா சொன்னான், படி டீச்சரம்மா" என்றாள் சுந்தரி. மீதிப் பக்கங்களைச் சவுரியம்மாள் நிதானமாக வாசித்து முடித்தார். ராஜா படியிறங்கிய இடம் வந்தபோது கைதட்டல் எழுந்தது. டாக்கி கொட்டகையில் புத்தகத்துக்குக் கைதட்டல்! என் ஆயுளில் நான் பார்த்த அதிசயம் அதுதான். அம்மன் வந்ததைவிட அது எனக்குப் பெரிதாகத் தோன்றியது, தாய் என்னை மன்னிக்கட்டும்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பழைய நாடகம் எது படமாகி வந்தாலும், மாதனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நோட்டீஸ் வண்டியை நிறுத்தி, "டீச்சரம்மா படிக்கிற ஆட்டம் என்னிக்கு?" என்றுதான் கேட்டார்கள். யார் நடிக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

ஆனால் சவுரியம்மாள் படத்துக்கு எதிரி என்று யாராவது நினைத்தால், அது பொய். வேலூரிலிருந்து சில பண்டிதர்கள் வந்தார்கள். டாக்கி தமிழைக் கெடுக்கிறது, கண்டனக் கூட்டம் போடவேண்டும், நீங்கள்தான் தலைமை தாங்கவேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். என் பிழைப்பு அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஐயா, புஸ்தகத்துல 'காவலர் மாறனைக் கொணர்தல்'னு ஒரே ஒரு வரி இருக்கு. எத்தனை வருஷம் அதைப் பாடம் நடத்தியிருக்கேன். அவன் செருப்பில்லாம, சுடுற கல்லுல காலை மாத்தி மாத்தி வெச்சு நடந்து வந்திருப்பான்னு எனக்குத் தோணவே இல்லையே. செருப்புக்குத் தோல் பதப்படுத்துற ஊருல இருந்துக்கிட்டே தோணலை. படம் காட்டித்தான் தெரிஞ்சுது. எனக்கு அந்த நடையும் வேணும், அவ பேச்சும் வேணும். ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வாங்க நான் வரலை."

பண்டிதர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? தான் கற்றதை விட்டுக்கொடுக்காமலும் இருக்கவேண்டும், தனக்குத் தெரியாமல் போனதை நாலு பேர் நடுவில் சொல்லவும் வேண்டும். நமக்கு இரண்டில் ஒன்று வந்தாலே பெரிது. சவுரியம்மாளுக்கு இரண்டும் வந்தது. அதற்காகத்தான் அவரைப் பெரியவர் என்கிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது வேலூர் ஆஸ்பத்திரியில். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். உடம்பு துணியாகத் துவண்டு கிடந்தது, பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

"ரெண்டாவது மெஷினு வாங்கப்போறீங்களாமே?"

"இன்னும் முடிவு பண்ணல டீச்சரம்மா" என்றேன்.

"வாங்குங்க. மாறன் சபை வாசப்படியில காலை வெச்ச உடனே ரீலு முடிஞ்சு வெளக்கு எரிஞ்சுடுது. அந்த நடையை ஒரு தடவைகூட நான் முழுசா பாக்கலை. உடையாம பாக்கணும்னு ஆசை."

"அப்போ உங்க வாசிப்பு?"

அவர் சிரித்தார். "இத்தினி நாளா மெஷினு தானா நின்னுச்சு, நான் படிச்சேன். இனிமே நீங்க நிறுத்துங்க. அவ கையைத் தூக்குவா பாருங்க, அங்க."

சரி என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. பழத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்து அவரைச் சவப்பெட்டியில்தான் பார்த்தேன். உடையாத அந்த நடையை அவர் பார்க்காமலே போய்விட்டார். அது எனக்குத் தாங்கவில்லை. ஏன் மறைக்கவேண்டும்? நான் அழுதேன், அந்தோணியும் அழுதான்.

சுந்தரி, கேட்டுக்கொள். ஆஸ்பத்திரியில் சொல்லாத 'சரி'யை இந்தச் சபைக்கு முன்னால் சொல்கிறேன். புது மெஷின் ஓடும். மாறன் சுடுகல்லில் முழுதாக நடந்து வருவான், நடுவில் யாரும் விளக்கைப் போடமாட்டோம். நன்முல்லை கையைத் தூக்குவாள். அங்கே இரண்டு மெஷினும் நிற்கும், விளக்கு எரியும். சவுரியம்மாளோடு பணியாற்றிய உபாத்தியாயினி தேவகிருபை அம்மாள், மணலில் எழுந்து நின்று வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்தப் படத்துக்கு மட்டுமல்ல, எந்தப் பழைய நாடகம் படமாகி இங்கே வந்தாலும், விட்டுப்போன பேச்சு இந்தக் கொட்டகையில் கேட்கும். கன்னியப்பன் உயிரோடு இருக்கும்வரை கேட்கும். எனக்குப் பிறகு கொட்டகையை யார் எடுத்தாலும், அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் எடுக்கவேண்டும்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. ஹெட்மாஸ்டர் ஐயா மன்னிக்கவேண்டும். ஒரு பெண் பேசவேண்டிய இடத்தில் அவள் வாயை அடைத்துவிட்டார்களே என்று எழுந்து நின்றவர் சவுரியம்மாள். அவருக்கு நாம் வாயை மூடிக்கொண்டு நின்றா மரியாதை செய்வது? எல்லாரும் எழுந்திருங்கள். நாற்காலிக்காரர்களும்தான் ஐயா, எழுந்திருங்கள். அந்தோணி, எல்லா விளக்கையும் போடு. எனக்குப் புத்தகம் வேண்டாம், கேட்டுக் கேட்டே மனப்பாடம். நான் கேட்கிறேன், வேலூரில் அவர் படுத்திருந்த அறைவரைக்கும் எட்டுகிற மாதிரி நீங்கள் பதில் சொல்லுங்கள்.

ஏரி உனது என்றாய். கரையும் உனது என்றாய். மடையும் பலகையும் உனது என்றாய். ஆகட்டும், அரசே.

தாகம் யாருடையது?