நடுவில் நிற்பவர்

மழைக்காலத்தில் பழைய அட்டையை வெட்டக்கூடாது. ஈரம் குடித்த அட்டையின் ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்துவிடும். அன்று நல்ல வெயில். வேண்டுமானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்கிறேன். வீட்டில் குத்துச்சண்டைக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளைச் சேர்க்கிறேன். ஒரு காலத்தில் அவை பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தில் அச்சாகி வந்தன. சுற்றிலும் புள்ளிக்கோடு இருக்கும். வாங்கியவர்கள்தான் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வெட்டியதைப் பார்த்தால் எலி கடித்தது போல இருக்கும். ஒருவருக்குக் காது போயிருக்கும், இன்னொருவருக்குக் கையுறை. நான்கு பக்கமும் புள்ளிக்கோடு முழுசாக நிற்கிற அட்டை கிடைப்பது அபூர்வம்.

வெட்டாத பெட்டிப் பக்கம் ஒன்று என் மாமனாரிடம் இருந்தது. வரிசையாக மூன்று பேர். நடுவில் நிற்பவர் அவரேதான். இளவயதில், இரண்டு கைகளையும் தாடைக்கு முன்னால் உயர்த்தியபடி. என் மாமியார் இறந்த பிறகு அவர் எங்களோடு இருந்தார். கை நடுங்கும். சட்டைப் பொத்தானை என் மனைவிதான் போட்டுவிடுவாள். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

"மாமா, நான் வெட்டித் தரேன்" என்று எத்தனையோ தடவை கேட்டேன்.

"உங்ககிட்ட குடுத்தா கண்ணாடிக்குள்ள போட்டுப் பூட்டிருவீங்க மாப்பிள்ளை. அடி வாங்குன மூஞ்சி என்னோடது. நானே வெட்டி பாப்பாகிட்ட குடுத்துக்கறேன்."

"சட்டைப் பொத்தானே போட வரல, இதுல கத்தரி வேறயாப்பா? மூக்கு போயிடப் போகுது" என்றாள் அவர் பாப்பா என்று கூப்பிடும் என் மனைவி.

"போனா போகட்டும். அது ஏற்கெனவே உடைஞ்ச மூக்குதானே."

இருவரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர் மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டு, பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரியால் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். கோணல் மாணலாக வந்த வெட்டு புள்ளிக்கோட்டைத் தொட இருந்தது.

நான் கத்தரியைப் பிடுங்கவில்லை. மணிக்கட்டைத்தான் பிடித்தேன். அவர் பின்பக்கமாக இழுத்தார். அந்த வயதிலும் நல்ல பலம். நான் விட்டேன். விட்டால் விழுவார் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும்.

ஜன்னல் திண்டில் பின்தலை மோதியது. தரையில் கிடந்தார், கண் திறந்திருந்தது. என் போன் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் கத்தரி பட்ட அட்டையை அப்படியே விட்டால் கிழிசல் உள்ளே ஓடும். இரும்பு அளவுகோலை எடுத்து வைத்தேன். இதில் அழுத்தம் கூடாது. ஒரே தடத்தில் பிளேடைத் திரும்பத் திரும்ப மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் படத்தின் மேல் ஏறிவிடும். கெட்டுப்போக இருந்ததை முதலில் எடுத்தேன். அளவுகோல் வெளியேதான் இருந்தது என்பதால் மற்ற இரண்டையும் முடித்தேன்.

இடையில் அவர் உள்ளங்கையால் தரையைத் தட்டினார். மேசை அதிர்ந்தது. "கொஞ்சம் ஆட்டாம இருங்க மாமா" என்றேன். சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டார். அந்த ஒத்துழைப்பை நான் மறக்கவில்லை.

அட்டைகளை உறையில் போட்டுவிட்டு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் அப்படித்தான் சொல்வார்.

அவர் ஆசைப்பட்டபடியே நடு அட்டையை மனைவியிடம் நீட்டினேன். மூக்கு, காது எல்லாம் முழுசாக இருந்தது. அவள் கையில் வாங்கவில்லை. "அப்பா கூப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

கூப்பிட்டார். 'பாப்பா, பாப்பா' என்று, நன்றாகவே கேட்டது. அவர் கூப்பிட்டது அவளை. என்னைக் கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.